கலியாணம் ரத்தாகலாம், பிள்ளை ரத்தாகுமா?

கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள பண்டமாரானில், ஒரு சனிக்கிழமை மாலை நாம் கண்ட காட்சியைச் சொல்லி இவ்வியாசத்தைத் தொடங்குகிறோம். ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில், புத்தகப் பையோடு எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் நின்றான். சாலையின் இந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு தகப்பன். அந்தப் பக்கத்தில் தன் தமையனுடைய காரில் அமர்ந்தபடி தாய். இருவருக்கும் இடையே இருந்தது ஒரு சாலையின் அகலமே. ஆயினும் அவ்விருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. பேசியவன் பையனே. "அப்பா, பள்ளிக்கூட வேன் காசு இந்த மாசமும் வரலைன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று இந்தப் பக்கம் வந்து சொன்னான். "புதுக் காரு வாங்கியிருக்காரே உங்க மாமா, அவரைக் கட்டச் சொல்லு" என்ற மறுமொழியைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் போனான். மூன்று தடவை அச்சாலையைக் கடந்தான். அதற்கு மேல் யார் பக்கமும் போகாமல் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழலானான்.

அந்தத் தம்பதிகளுள் யார்மீது குற்றம் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நாம் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சிறுவன்மீது குற்றம் ஏதுமில்லை என்பது மட்டும் நமக்கு நிச்சயமாகத் தெரியும். அவர்கள் நடத்திய யுத்தத்தில் தூதனாகவும், கேடயமாகவும், சில வேளை ஆயுதமாகவும் அவன் ஆக்கப்பட்டான். இது கொடுமை என்று அவனுடைய பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல இந்நாட்டில் கடமைப்பட்டவர் யார்? இதுவே நாம் கேட்க வந்த கேள்வி.

நாம் விவாக விடுதலைக்கு விரோதிகளல்லோம். இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நலம். ஏனெனில் 'பிள்ளைகளின் நன்மை' என்ற சொல்லை எடுத்தவுடனே, 'அதற்காகத்தான் அடியோ உதையோ பொறுத்துக்கொண்டு வாழுங்கள் என்கிறோம்' என்று நமது வைதிகக் கனவான்கள் குதூகலத்தோடு ஓடி வருவார்கள். அவர்களுக்கு நமது மறுமொழி இது: 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே, ஒவ்வாத மணத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டுமென்று தீர்மானிக்கப்பட்டது. அத்தீர்மானத்திலிருந்து நாம் ஓரடியும் பின்வாங்கவில்லை. தினந்தோறும் தகப்பன் தாயை அடிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, அந்த வீடு கலையாமல் இருப்பது பாக்கியமன்று. பிரிய வேண்டியவர்கள் பிரியட்டும். ஆனால் எப்படிப் பிரிவது என்பதற்கும் ஒரு நாகரிகம் உண்டு. அதைக் கற்பிக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

இந்நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்லுகிறது என்பதை, தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். முஸ்லிமல்லாதாருடைய விவாகத்தையும் விவாகரத்தையும் ஆளுவது 1976-ம் வருஷத்துச் சட்டச் சீர்திருத்த (விவாக, விவாகரத்து)ச் சட்டம். அது 1982-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் தேதி அமுலுக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதியையும் விவாகப் பதிவுக் கட்டாயத்தையும் நமக்கு அளித்த சட்டம் அது. அதற்கு முன்னர், ஊரில் ஒருத்தியும் தோட்டத்தில் ஒருத்தியுமாக வைத்துக்கொண்டு, 'எங்கள் வழக்கம்' என்று சாதித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவ்வளவில் அச்சட்டத்தை நாம் போற்றுகிறோம்.

அச்சட்டத்தின் 106-வது பிரிவுப்படி, ஒருவர் மட்டும் விவாகரத்துக் கோரி மனுச் செய்வதானால், முதலில் சமரசக் குழுவின்முன் போயாக வேண்டும். பெரும்பாலும் தேசியப் பதிவு இலாகாவில் நடக்கும் இக்குழு ஆறு மாதத்துக்குள் இருவரையும் இணைத்துவைக்க முயல வேண்டும். முடியாவிடில் முடியவில்லை என்று சான்று கொடுக்க வேண்டும். அச்சான்று கிடைத்த பிறகே வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் செல்லும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்குழு கேட்கும் கேள்வி என்ன? 'நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ முடியுமா, முடியாதா?' என்பதே. சேர முடியாது என்று தீர்ந்த நிமிஷத்தில் அதன் வேலை தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகளின் வேலையோ அந்த நிமிஷத்திலேதான் தொடங்குகிறது. அப்போது அங்கே யாருமில்லை.

இன்னும் வேடிக்கை ஒன்று கேளுங்கள். கணவனும் மனைவியும் மனமொத்துக் கூட்டாக மனுச் செய்தால், அதாவது 52-வது பிரிவின்படி போனால், சமரசக் குழுவுக்கே போக வேண்டியதில்லை. வக்கீல் எழுதிக்கொடுத்த தாளில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். பிள்ளை யாரிடம், மாதம் எத்தனை வெள்ளி, எந்தெந்த நாள் பார்ப்பது என்பன நாலைந்து வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஏற்பாடு தக்கதுதானா என்று நீதிபதி பார்க்கிறார். அவர் பார்ப்பது தாளையே. அந்தத் தாளிலுள்ளபடி அடுத்த பத்து வருஷங்கள் நடந்துகொள்வது எப்படி என்று பெற்றோருக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. சமாதானமாகப் பிரிந்தவர்களின் பிள்ளைக்குச் சங்கடம் இல்லையென்று யார் சொன்னார்கள்? தாள் சமாதானமாக இருந்து, வீடு யுத்தகளமாக இருப்பதை நாம் கண்டதில்லையா?

அதே சட்டத்தின் 88-வது பிரிவோ மிக உயர்ந்த வார்த்தைகளைப் பேசுகிறது. பிள்ளையை யாரிடம் ஒப்புவிப்பது என்று தீர்மானிக்கையில் அப்பிள்ளையின் க்ஷேமமே தலையாய விஷயம் என்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நலம் என்று, மறுத்து நிரூபிக்கக்கூடிய ஓர் ஊகத்தை வைத்திருக்கிறது. அடிக்கடி கைமாற்றிக் குழந்தையின் வாழ்வைக் கலைப்பது தகாது என்கிறது. தன் அபிப்பிராயத்தைச் சொல்லும் வயது வந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்கிறது. எல்லாம் அழகே. ஆனால், 'பிள்ளையின் விருப்பம் கேட்கப்படும்' என்ற அச்சொல் நமது வீடுகளுக்குள் வரும்போது என்னவாகிறது? "நீதிபதி கேட்டால் அப்பாதான் வேணும்னு சொல்லணும், இல்லேன்னா பாட்டி செத்துப்போவேன்" என்று ஒரு பக்கம், "உங்கப்பன் கிட்டே போனா இனிமே எனக்கு நீ பிள்ளையே இல்லை" என்று மற்றொரு பக்கம். பிள்ளையைக் காக்க வந்த சட்டம், அதன் கழுத்தில் வைக்கும் கத்தியாகிவிடுகிறது. குற்றம் சட்டத்திலா? இல்லை. அச்சட்டத்தை எப்படி உபயோகிப்பதென்று அறியாத நம்மிடத்திலே இருக்கிறது.

பிற நாடுகள் இதற்கு என்ன செய்தன என்று பார்ப்போம். அமெரிக்காவில் பல மாநிலங்களில், மைனர் பிள்ளைகளையுடைய தம்பதிகள் விவாகரத்துக்கு வந்தால் பெற்றோர் வகுப்பில் இருந்தாக வேண்டும். பிளாரிடா மாநிலத்தில் அந்த வகுப்பு குறைந்தது நான்கு மணி நேரம் என்று சட்டமே விதித்திருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே 2016-ம் வருஷ முடிவிலே, பிரிவின் நிபந்தனைகளில் உடன்பாடு காணாத பெற்றோருக்கு இத்தகைய வகுப்பு கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் 2024-ம் வருஷத்தில், உடன்பட்டுப் பிரிவோருக்கும் அது விரிவாக்கப்பட்டது. மனமொத்துப் பிரிபவர்களுக்கும் கற்க வேண்டியது உண்டு என்பதை அவர்கள் எட்டு வருஷ அநுபவத்தில் கண்டுகொண்டார்கள். நமது சட்டத்தில் இத்தகைய கட்டாயம் எவருக்கும் இல்லை.

நம் நாட்டிலேயே மலாய்ச் சகோதரர்களைப் பாருங்கள். அவர்கள் கலியாணத்துக்கு முன்னரே வகுப்பிலிருந்து சான்றிதழ் பெற்றாக வேண்டும். நமக்கோ மணத்துக்கு முன்னும் கட்டாய வகுப்பில்லை. மணம் முறியும்போதும் இல்லை. நாள் பார்க்கிறோம், பொருத்தம் பார்க்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம், ஆயிரம் பேருக்கு இலை போடுகிறோம். துறைமுகத்திலே லாரி ஓட்ட விரும்பும் நம் வாலிபன் வகுப்பிலிருந்து, பரீட்சை கொடுத்து, உரிமம் பெற்ற பிறகே வண்டியில் ஏறுகிறான். ஒரு லாரிக்கு வேண்டிய பயிற்சி, உடைந்த வீட்டிலிருந்து ஒரு குழந்தையை மனுஷனாக்குவதற்கு வேண்டாமா?

வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் என்று சிலர் ஏளனமாகக் கேட்கக்கூடும். சொல்லுகிறோம். பிள்ளையைத் தூது அனுப்பாதே. சொல்ல வேண்டியதை நீயே சொல், பேச முடியாவிட்டால் எழுது. பிள்ளையின் காதில் விழ மற்றவரைத் திட்டாதே. 'அப்படியே உன் அப்பன் புத்தி' என்று சொல்லும்போது நீ புருஷனையல்ல, பிள்ளையையே ஏசுகிறாய். பிரிவுக்குத் தானே காரணம் என்று குழந்தைகள் தமக்குள் எண்ணி மறுகுவதுண்டு. அப்படியல்ல என்று இருவரும் வாய்திறந்து சொல்லுங்கள். 'உனக்கு யாரைப் பிடிக்கும்?' என்று கேட்காதே. பார்க்க வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்துசேர்; வாசலில் உடையுடுத்திக் காத்திருந்து ஏமாந்த குழந்தை அதை ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. ஜீவனாம்சம் என்பது மனைவிக்குக் கொடுக்கும் தண்டமன்று, பிள்ளையின் சோறு; பார்க்க விடவில்லை என்பதற்காகச் சோற்றை நிறுத்தாதே, சோறு வரவில்லை என்பதற்காகப் பார்ப்பதைத் தடுக்காதே. இவை எல்லாம் தெரிந்தவைதானே என்பீர்கள். தெரிந்தவர்கள் ஏன் செய்வதில்லை? கோபம் தலைக்கேறிய காலத்தில் தெரிந்ததும் மறந்துபோகும். அந்தக் காலத்தில் ஒருவர் எதிரே உட்கார்ந்து நினைவூட்டுவதற்கே வகுப்பு.

இனி, ஆட்சேபங்களைக் கவனிப்போம்.

'பெற்ற தாய்க்குப் பிள்ளை வளர்க்க அரசாங்கமா கற்றுத்தருவது?' என்பது முதல் ஆட்சேபம். ஐயா, பிள்ளை வளர்க்க அல்ல, பிரிந்திருந்து வளர்க்க. அந்த வித்தையை நம் பாட்டிமார் நமக்குக் கற்பிக்கவில்லை. ஏனெனில் அவர்களுக்குப் பிரிய உரிமையே கொடுக்கப்படவில்லை. நமது இலக்கியமும் அதைக் கற்பிக்கவில்லை. நாடிழந்த நளனுடைய கதையில் பிள்ளைகள் இருவரும் பாட்டனார் ஊருக்கு அனுப்பப்படுகின்றனர். அதன்பின் நளனும் தமயந்தியும் படும் துயரத்துக்கு நாம் கண்ணீர் விடுகிறோமே தவிர, தாயையும் தகப்பனையும் காணாமல் அவ்விரு குழந்தைகள் எப்படித் தூங்கின என்று எந்தக் கதாகாலட்சேபத்திலாவது கேட்டதுண்டா? இராமனுடைய மைந்தர் இருவரும் வனத்திலே தகப்பனை அறியாமலே வளர்ந்தார்கள். அதையும் நாம் மெச்சத்தக்க செய்தியாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். பெற்றோர் துயரைப் பாடக் கவிகள் ஆயிரம் உண்டு; பிள்ளை துயரைக் கேட்கச் செவிகள் இல்லை.

'வகுப்பு வைத்தால் விவாகரத்து பெருகும்' என்பது இரண்டாவது. வைத்திய சாலை வைத்தால் வியாதி பெருகும் என்பதைப் போன்றது இது. நான்கு மணி நேர வகுப்புக்காக எவரும் தாம்பத்தியத்தை முறித்துக்கொள்ளார்.

'இதையெல்லாம் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், கோர்ட்டு எதற்கு?' என்பது மூன்றாவது. நாம் இந்தப் பெரியவர்களை நன்கு அறிவோம். தோட்டத்து லயத்தில், கணவனும் மனைவியும் பிரிந்தாலும், பிள்ளை பக்கத்து வீட்டு அடுப்பங்கரையில் சாப்பிட்டு, எதிர் வீட்டுத் திண்ணையில் தூங்கி எப்படியோ வளர்ந்தது உண்மை. அது அந்த லயத்துப் பெண்களுடைய பெருந்தன்மை, பஞ்சாயத்தாருடைய சாமர்த்தியமன்று. பஞ்சாயத்தார் சொன்னதெல்லாம், 'பெண் பொறுத்துப் போகட்டும்' என்ற ஒரே தீர்ப்பு. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகளாயின. நம்மவர்கள் கிள்ளானிலும் பண்டமாரானிலும் அடுக்குவீடுகளில் வந்து குடியேறினார்கள். கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டாருக்கு நம்மைத் தெரியாது. லயமும் போயிற்று; லயத்துப் பாட்டியும் போனாள். அந்த இடத்தில் ஏதேனும் ஒன்றை வைத்தாக வேண்டாமா?

'ஏழைத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டுமே. பாஷை தெரியாத வகுப்பில் போய் உட்கார வேண்டுமே' என்பது நான்காவது. இந்த ஒன்றை மட்டும் நாம் நியாயமான ஆட்சேபம் என்று ஒப்புக்கொள்கிறோம். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடத்தி, வேலை நாளில் வைத்து, கட்டணமும் வாங்கினால், அது வகுப்பன்று. ஏழைக்கு இன்னொரு அபராதம். ஆனால் இதற்குப் பரிகாரம் வகுப்பை விடுவதன்று, வகுப்பைத் திருத்துவதே. 1941-ம் வருஷம் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது கேட்டது கூலி உயர்வு மட்டுமா? பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றார்கள். தமிழ் தெரிந்த உத்தியோகஸ்தர் வேண்டும் என்றார்கள். எழுத்தறியாதவர்கள் என்று இகழப்பட்ட அந்த மக்கள், பிள்ளையின் வாழ்வும் குடும்பத்தின் மானமும் கூலியோடு சேர்ந்தவை என்று அறிந்திருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள், 'ஒரு நாள் கூலி போகும்' என்று சொல்லிச் சும்மா இருப்பதா?

கடைசி ஆட்சேபம் மிகவும் முக்கியமானது; அது பெண்களிடமிருந்து வருவது. 'என்னை அடித்தவனோடு ஒரே அறையில் உட்காரச் சொல்வீர்களா? அவன் வகுப்புக்கு வராவிட்டால் என் வழக்கு நின்றுவிடுமா?' என்கிறார்கள். கூடாது, ஒரு போதும் கூடாது. 1994-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புத் தேடியவர்களைக் கணவரோடு சேர்த்து உட்கார்த்திவைப்பது கல்வியல்ல, கொடுமை. ஆகவே கணவனுக்கும் மனைவிக்கும் வகுப்பு தனித்தனியே நடக்க வேண்டும். ஒருவர் வராததால் வந்தவருடைய விடுதலை தாமதமாகக் கூடாது. வராதவர்மீதே அதன் பலன் விழ வேண்டும். இந்த இரண்டு காவலும் இல்லாத வகுப்பை நாமே முன்னின்று எதிர்ப்போம்.

வகுப்பு ஒன்றே சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. ஜீவனாம்சத்தை ஏய்ப்பவனுக்குப் போதனை மட்டும் போதாது. சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொடுக்கும்படி உத்தரவிட 1968-ம் வருஷத்திலேயே சட்டம் உண்டு. உயர்கல்வி முடியும் வரையில் பிள்ளைக்குச் செலவு கொடுக்கும்படி உத்தரவு நீடிக்கலாம் என்று 2017-ல் செய்த திருத்தம் 2018 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. இவை இருப்பதே நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உரிமை ஏட்டிலே தூங்குகிறது; அதற்கு உரியவள் வாசலிலே காத்திருக்கிறாள். அவளுக்கு அவ்வுரிமையை அறிவிக்கும் இடமாகவும் அந்த வகுப்பு இருக்கட்டும்.

ஆகையால் நாம் கேட்பது இவை. முதலாவது, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுடைய எவரும், கூட்டு மனுவானாலும் தனி மனுவானாலும், இவ்வகுப்பில் இருக்க வேண்டுமென்று சட்டம் திருத்தப்பட வேண்டும். இரண்டாவது, சட்டம் திருந்தும் வரையில் நீதிபதிகளே வழிகாட்டலாம். பிள்ளையை ஒப்புவிக்கும் உத்தரவில் தக்க நிபந்தனைகள் விதிக்க 89-வது பிரிவு அவர்களுக்கு இடங்கொடுக்கிறது என்பது நமது கருத்து. மூன்றாவது, வகுப்பு இலவசமாய், ஞாயிற்றுக்கிழமையில், தமிழிலும் நடக்க வேண்டும். கோலாலம்பூரில் மட்டுமன்றிக் கிள்ளானிலும், பண்டமாரானிலும், தோட்டப்புறங்களிலும் நடக்க வேண்டும். நான்காவது, அரசாங்கம் வரும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கோயில்களுக்கு மண்டபங்கள் உண்டு. சங்கங்களுக்குக் கட்டடங்கள் உண்டு. தமிழ்ப் பள்ளிகளில் ஞாயிறன்று வகுப்பறைகள் காலியாகவே கிடக்கின்றன. திருவிழாவுக்கு வாண வேடிக்கை விடும் பணத்தில் ஒரு பங்கு, நல்ல பயிற்சி பெற்ற இரண்டு தமிழறிந்த ஆலோசகர்களை மாதம் ஒரு முறை அழைத்து வரப் போதாதா? கலியாணத்தை நடத்திவைக்க மண்டபம் கொடுத்தவர்கள், அது முறிந்தபோது பிள்ளையைக் காக்க ஓர் அறை கொடுக்கட்டும்.

வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கட்சிக்காரர் ஜெயிக்க வேண்டும் என்பது உங்கள் தொழில். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பிள்ளையை வைத்து ஜெயித்த வழக்கில் தோற்பது பிள்ளையே என்பதை மனுவை எழுதும்போது ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

விவாகம் இருவர் செய்துகொண்ட ஒப்பந்தம். அதை இருவரும் ரத்துச் செய்யலாம், நீதிமன்றமும் ரத்துச் செய்யலாம். பிள்ளை அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதற்குத் தாய் ஒருத்தியே, தகப்பன் ஒருவனே. எந்த நீதிபதியாலும் இதை ரத்துச் செய்ய முடியாது. பண்டமாரான் சாலையை அந்தச் சிறுவன் மூன்று தடவை கடந்தான். ஒரு தடவையாவது அவனுடைய பெற்றோரில் ஒருவர் கடந்திருக்கலாம். கடக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. சொல்லவேண்டிய கடமை அரசாங்கத்துக்கும் உண்டு, நமக்கும் உண்டு. செய்வோமா?